‘வந்து சேர்ந்து வாழ்’ என்று நீதிமன்றம் உத்தரவிட முடியுமா?

புகுந்த வீட்டில் தாங்க முடியாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட இளம்பெண்களுக்குச் சில மாதங்களில் நீதிமன்றத்திலிருந்து ஒரு தபால் வருவது உண்டு. விவாகரத்து நோட்டீஸ் என்று நினைத்துத்தான் வீட்டில் அதைப் பிரிக்கிறார்கள். உள்ளே இருப்பதோ அதற்கு நேர் எதிரான ஒன்று. தக்க காரணம் இல்லாமல் மனைவி தன்னைப் பிரிந்து போய்விட்டாள், அவள் திரும்பி வந்து தன்னுடன் வாழ உத்தரவிட வேண்டும் என்று கணவன் போட்டிருக்கும் மனு அது. படித்ததும் பெற்றோர் நடுங்கிப்போகிறார்கள். “கோர்ட்டே சொல்லிவிட்டது, கிளம்பு” என்று பெண்ணிடம் பெட்டியை எடுத்துக் கொடுக்கும் தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். உண்மையில் கோர்ட் இன்னும் எதுவும் சொல்லவில்லை. வந்திருப்பது கணவனின் கோரிக்கை மட்டுமே. அதற்குப் பதில் சொல்ல அந்தப் பெண்ணுக்கு முழு உரிமை இருக்கிறது.

சட்ட மொழியில் இதற்கு ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ என்று பெயர். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் இது இருக்கிறது. கணவனோ மனைவியோ நியாயமான காரணமின்றி மற்றவரை விட்டு விலகியிருந்தால், விடப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். குடும்பநல நீதிமன்றம் உள்ள ஊர்களில் அங்கே அணுகலாம். மனுவில் சொன்னது உண்மை என்றும் மறுப்பதற்குச் சட்டப்படி காரணம் இல்லை என்றும் நீதிபதிக்குப் பட்டால், சேர்ந்து வாழும்படி உத்தரவிடலாம். சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு.

வாசகத்தில் ஆண், பெண் வேறுபாடு எதுவும் கிடையாது. கைவிடப்பட்ட மனைவியும் இதே பிரிவில் மனு போடலாம், போடவும் செய்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலகிப் போனதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்ற கேள்வி எழுந்தால், அதை நிரூபிக்கும் பொறுப்பு விலகிப் போனவர் தலையில் விழுகிறது. 1976-இல் சேர்த்த விளக்கம் அப்படிச் சொல்கிறது. நான்கு சுவருக்குள் நடந்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லாத பெண்தான் ‘ஏன் போனாய்’ என்ற கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘முதலில் உன் சம்மதத்தோடுதான் இந்தக் கல்யாணம் நடந்ததா’ என்று இந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

இந்தக் கேள்வியை இந்தியாவில் உரத்துக் கேட்ட பெண் ருக்மாபாய். அவருடைய வழக்கைத் தெரிந்துகொண்டால் 9-வது பிரிவு எங்கிருந்து வந்தது, எதற்காக இன்னும் உயிரோடு இருக்கிறது என்பவை தாமாகவே விளங்கும்.

1864-இல் பம்பாயில் பிறந்தவர் அவர். தச்சர் சமூகக் குடும்பம். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, தாய் ஜெயந்திபாய் சில ஆண்டுகள் கழித்து மருத்துவர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். மறுமணத்துக்கு முன் தன் சொத்தை மகள் பெயருக்கு மாற்றி வைத்தார். பின்னால் வந்த சண்டையில் இந்தச் சொத்துக்கும் பங்கு உண்டு. ருக்மாபாய்க்கு 11 வயதானபோது, மாற்றாந்தந்தையின் உறவினரான தாதாஜி பிகாஜிக்கு அவரைக் கட்டி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு 19 வயது. வசதி இல்லாதவர் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அவர் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாய்மாமன் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டார். நோயும் கடனும் சேர்ந்தன. இந்தப் பக்கம் ருக்மாபாயோ வீட்டிலிருந்தபடியே நூலகப் புத்தகங்களை வரவழைத்துத் தானே ஆங்கிலம் கற்றார். சீர்திருத்தவாதிகள் வந்துபோகும் வீட்டில், அவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தார். வயதுக்கு வந்த உடனே பெண்ணைக் கணவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற வழக்கத்தை மருத்துவரான சகாராம் அர்ஜுன் ஏற்கவில்லை. ஆக, தாலி கட்டிய கணவனோடு ஒரு நாளும் வாழாமலேயே அந்தப் பெண் இருபது வயதை நெருங்கிவிட்டார். 1884-இல் தாதாஜி வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, மனைவியைத் தன்னிடம் அனுப்பக் கோரி வழக்கும் தொடுத்தார். மறு ஆண்டே சகாராம் அர்ஜுன் இறந்துபோனார். துணையாக நின்ற ஆண் இல்லாத நிலையிலும் ருக்மாபாய் போக மறுத்தார்.

1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். விவரம் அறியாத வயதில் கட்டி வைக்கப்பட்ட ஒரு பெண்ணை, அவள் விரும்பாத ஆணோடு படுக்கையைப் பகிர அனுப்புவது காட்டுமிராண்டித்தனம், கொடுமை, அருவருப்பு என்ற பொருளில் பேசினார் அவர். சட்டக் காரணங்களையும் வைத்தார். இந்த வகை வழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது, இந்து சட்டத்தில் இதற்கு வேர் இல்லை. இருவரும் சேர்ந்து வாழ்ந்ததே இல்லை என்கிறபோது மீட்டுத் தர என்ன இருக்கிறது? தாதாஜியின் மனு தள்ளுபடியானது.

பின்ஹே சொன்னது சரிதான். இங்கிலாந்தில் திருமண விவகாரங்களைத் திருச்சபை நீதிமன்றங்கள் விசாரித்த காலத்துச் சரக்கு இது. பிரிந்து போன துணை திரும்பி வர மறுத்தால் திருச்சபையிலிருந்து விலக்கி வைப்பார்கள். 1813-க்குப் பிறகு அதற்குப் பதில் ஆறு மாதம் வரை சிறை. இந்தியாவுக்குள் இது ஆங்கில நீதிபதிகளின் கையால் நுழைந்தது. 1867-இல் ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில், இந்திய வழக்குகளுக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதை ஏற்றுக்கொண்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் சிறைத் தண்டனையையும் சேர்த்துக்கொண்டது. இதில் நெஞ்சு பொறுக்காத செய்தி ஒன்று இருக்கிறது. தாதாஜி வழக்குப் போட்ட அதே 1884-இல் இங்கிலாந்து தன் நாட்டில் இந்தச் சிறைத் தண்டனையை ஒழித்துவிட்டது. அங்கே ஜார்ஜினா வெல்டன் என்ற மனைவி வழக்கில் வென்று, உத்தரவை மதிக்காத கணவன் சிறைக்குப் போகும் நிலை வந்தபோது நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின் பலன் பம்பாயில் இருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தீர்ப்பு வெளிவந்ததும் பம்பாய் இரண்டாகப் பிரிந்தது. இந்து தர்மத்தில் வெள்ளைக்கார நீதிபதி கை வைக்கிறார் என்று திலகரின் பத்திரிகைகள் எதிர்த்தன. சீர்திருத்தவாதிகளான மலபாரியும் பண்டித ரமாபாயும் ருக்மாபாய் பக்கம் நின்றார்கள். ‘ஓர் இந்துப் பெண்’ என்ற புனைபெயரில் குழந்தைத் திருமணத்தின் கொடுமையைப் பற்றி ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் அந்த ஆண்டு வந்த கடிதங்களை எழுதியவரும் ருக்மாபாய்தான். வழக்கின் எதிர்வாதியே இப்படிப் பொதுவெளியில் வாதாடிக்கொண்டிருந்தார்.

1886-இல் மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி சார்ஜென்டும் நீதிபதி பெய்லியும் பின்ஹேயின் தீர்ப்பை மாற்றினார்கள். சடங்கு முடிந்தாலே திருமணம் முழுமை, சேர்ந்து வாழ்ந்தார்களா என்பது தேவையற்ற கேள்வி என்றார்கள். வழக்கு மறுபடி கீழே வந்தது. 1887 மார்ச் 4 அன்று நீதிபதி ஃபாரன், ஒரு மாதத்துக்குள் கணவனிடம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்று உத்தரவிட்டார். ருக்மாபாய் சிறைக்குப் போகத் தயார் என்றார். 22 வயதுப் பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் ‘அந்த வீட்டைவிடச் சிறை மேல்’ என்று நாடறியச் சொல்வது எத்தகைய துணிவு என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் நின்று யோசிக்கிறேன். இன்றைக்குக் கூட அப்படிச் சொல்ல நம் வீடுகள் ஒரு மகளை விடுவதில்லை.

சிறைக்கு அவர் போகவில்லை. 1888 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, தீர்ப்பை நிறைவேற்றக் கோருவதில்லை என்று தாதாஜி ஒதுங்கினார். அன்றைய இந்து சட்டத்தில் விவாகரத்து கிடையாது. எனவே இது விடுதலையும் அல்ல, சிறையும் அல்ல. ருக்மாபாய் பின்னர் யாரையும் மணக்கவில்லை. மருத்துவர் எடித் பீச்சியின் உதவியோடு 1889-இல் லண்டன் போய்ப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் படித்து, மருத்துவராகத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். உடலுறவுக்கான சம்மத வயதை 10-இலிருந்து 12 ஆக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, வங்காளத்தில் கணவனின் வன்புணர்ச்சியால் இறந்த சிறுமி பூல்மணியின் மரணத்தோடு ருக்மாபாய் வழக்கு கிளப்பிய விவாதமும் வழி செய்தது.

1923-இல் சிறைத் தண்டனை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 1955-இல் ருக்மாபாய் இறந்தார். அதே 1955-இல், சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் புதிய இந்துத் திருமணச் சட்டத்தில் இந்தப் பழைய வழக்கு முறையை 9-வது பிரிவாக எழுதி வைத்தது. இங்கிலாந்து 1970-இல் இதை முற்றிலும் ஒழித்துவிட்டது. நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

இன்றைய நிலைக்கு வருவோம். உத்தரவு வந்துவிட்டால் போலீஸ் வந்து பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கணவன் வீட்டில் விட முடியுமா? முடியாது. கைது கிடையாது. உத்தரவை வேண்டுமென்றே மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம் என்பதுதான் சட்டம் வைத்திருக்கும் வழி. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி பயத்துக்குக் காரணம் உண்டு, ஏனென்றால் இந்த உத்தரவு வேறு இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகிறது.

முதல் வேலை விவாகரத்து. உத்தரவு வந்து ஓராண்டு ஆகியும் இருவரும் சேரவில்லை என்றால், அதையே காரணம் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்துக் கேட்கலாம். மனைவியைத் திரும்ப அழைக்கும் எண்ணமே இல்லாதவர்கூட ‘வா’ என்று வழக்குப் போடுவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சரோஜ் ராணி வழக்கில் கதை இன்னும் வேதனையானது. சேர்ந்து வாழக் கேட்டு மனுப் போட்டவர் மனைவி. கணவன் ஆட்சேபிக்கவில்லை, உத்தரவு வந்தது. ஓராண்டு போனதும் ‘நாங்கள் சேரவில்லை, விவாகரத்துக் கொடுங்கள்’ என்று அதே கணவன் நீதிமன்றத்துக்கு வந்தார், விவாகரத்தும் கிடைத்தது. வாழ்க்கை வேண்டும் என்று மனைவி போட்ட மனுவே வாழ்க்கையை முடித்துவைக்கும் சீட்டாகிவிட்டது.

இரண்டாவது வேலை, என் கணிப்பில் முக்கியமானது, ஜீவனாம்சத்தைத் தடுப்பது. போதிய காரணமின்றிக் கணவனுடன் வாழ மறுக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு சொன்னது. புதிய சட்டத்தில் அது 144-வது பிரிவு. எனவே மனைவி ஜீவனாம்ச மனு போட்டதும், ‘நான் கூப்பிடத்தான் செய்கிறேன், அவள்தான் வரவில்லை’ என்று காட்டக் கணவர் தரப்பு 9-வது பிரிவைக் கையில் எடுக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. ஜார்க்கண்டைச் சேர்ந்த மனைவி ஒருவர். வரதட்சணைக் கேட்பு, வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த விடாதது, கரு கலைந்தபோது கணவன் எட்டிக்கூடப் பார்க்காதது என்று அவர் தரப்பில் பல புகார்கள். சேர்ந்து வாழும் உத்தரவு அவருக்கு எதிராக இருந்ததைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் ஜீவனாம்சத்தை மறுத்திருந்தது. அந்த உத்தரவு ஒன்றே ஜீவனாம்சத்தைத் தடுத்துவிடாது, அவர் போகாததற்கு நியாயமான காரணம் இருந்ததா என்று தனியே பார்க்க வேண்டும் என்று சொல்லி, மாதம் 10,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் திரும்ப வழங்கியது.

9-வது பிரிவே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்டு. சென்னையில் பள்ளி மாணவியாக இருந்த சரிதாவுக்கு 16 வயதில், 1975-இல் திருப்பதியில் கல்யாணம் நடந்ததாகச் சொல்லப்பட்டது. விரைவிலேயே பிரிவு. சரிதா திரைப்பட நடிகையாகப் புகழ்பெற்ற பிறகு, அவர் தன்னுடன் வந்து வாழ வேண்டும் என்று கடப்பை நீதிமன்றத்தில் கணவர் வழக்குப் போட்டார். 1983-இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி சௌத்ரி அந்தப் பிரிவையே செல்லாது என்றார். ஒரு பெண் யாரோடு உறவு கொள்வது, எப்போது தாயாவது என்ற முடிவை அவளிடமிருந்து பிடுங்கி அரசின் கையில் கொடுக்கிறது இந்தச் சட்டம். கணவன், மனைவி இருவருக்கும் பொது என்று எழுதியிருந்தாலும், கருவைச் சுமப்பவள் பெண் ஒருத்திதான் என்பதால் விளைவு சமமாக இருக்காது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே, மேலே சொன்ன சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்துவிட்டது. குடும்பம் உடையாமல் காக்கும் சமூக நோக்கம் 9-வது பிரிவுக்கு இருக்கிறது, உடலுறவுக்கு அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றது.

அந்தக் காரணம் எனக்கு ஒப்பவில்லை. மனைவியை அவள் விருப்பமின்றிப் புணர்வதைக் குற்றமாகக் கருதாத நாட்டில், 18 வயது நிறைந்த மனைவிக்கு இன்றும் அந்தப் பாதுகாப்பு இல்லாத நிலையில், ஒரே வீட்டில் போய் இரு என்று சொல்லிவிட்டு ‘உடலுறவுக்குக் கட்டாயமில்லை’ என்பது அந்தப் பெண்ணுக்கு எந்த வகையில் காப்பாகும்? அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்ன பிறகு, சௌத்ரி எழுதியதுதான் அரசியல் சட்டத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது. 2018-இல் சட்ட ஆணையத்தின் ஆலோசனை அறிக்கையும் 9-வது பிரிவை நீக்கலாம் என்ற கருத்துக்கு ஆதரவாக எழுதியது. 2019-இல் குஜராத் தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார்கள்.

சட்டம் இருக்கும்வரை, நோட்டீஸ் வந்த பெண் செய்ய வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், வாங்கிவிட்டு அலமாரியில் போட்டு வைப்பதும் பெரிய ஆபத்து. ஆஜராகவில்லை என்றால் கணவர் சொன்னதை மட்டும் வைத்து ஒருதலைப்பட்சமாக உத்தரவு போய்விடும். பிறகு அதை ரத்து செய்ய அலைய வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பதில் மனுவில் எழுத வேண்டியது, நீங்கள் ஏன் வெளியேறினீர்கள் என்பது. அடி உதை, நகை பணம் கேட்டு நச்சரித்தது, பட்டினி போட்டது, மாமனார் வீட்டில் பட்ட அவமானம், கணவனின் குடி, வேறு உறவு, கைப்பேசியைப் பிடுங்கி வைத்தது என்று நடந்ததை நாள், இடத்தோடு எழுதலாம். மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது தந்த சி.எஸ்.ஆர். ரசீது, அக்காவுக்கோ தோழிக்கோ அந்த நேரத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் உதவும். கைப்பேசியை மாற்றும்போது இவற்றை அழித்துவிடாதீர்கள். வேலையை விட மறுத்தது மட்டுமே சண்டைக்குக் காரணம் என்றாலும் அஞ்ச வேண்டாம். பஞ்சாபின் சுனாமில் ஆசிரியையாக இருந்த மனைவி, வேலையை விட்டு டெல்லிக்கு வர வேண்டும் என்று கணவர் கேட்ட வழக்கில், குடும்பம் எங்கே நடத்துவது என்று கணவன் மட்டுமே முடிவு செய்வதற்கு எந்தச் சட்டமும் இல்லை என்று 1978-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணவர் தன் ஊரில் வழக்குப் போட்டு உங்களை அலையவிட்டால், உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்கலாம்: ஒரே மாநிலம் என்றால் உயர் நீதிமன்றத்தில், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்தில். வன்முறை நடந்திருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் தனியாக மனுக் கொடுக்கலாம். பாதுகாப்பு உத்தரவும், தங்க இடமும், பணமும் அதில் கேட்க முடியும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. பதினெட்டு வயதுக்கு முன்பே கட்டி வைக்கப்பட்டவர், 20 வயது நிறையும் வரை அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம் என்று 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் சொல்கிறது. ருக்மாபாய்க்கு இல்லாத வழி இது.

வழக்கு தொடங்கியதும் குடும்பநல நீதிமன்றம் பெரும்பாலும் இருவரையும் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்பும். பெண்கள் அதிகம் தடுமாறுவது அந்த அறையில்தான். எதிரே கணவன், பக்கத்தில் அழும் அம்மா, ‘ஒரு தடவை போய்ப் பாரம்மா’ என்று சொல்லும் பெரியவர். அங்கே எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கணவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேச முடியாது என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று ஆலோசகரிடம் கேட்கலாம். போக விருப்பம் இருந்தால் என்னென்ன நிபந்தனைகள் என்பதை எழுத்தில் கேளுங்கள். போக விருப்பமில்லை என்றால் அதையும், அதற்கான காரணத்தையும் உங்கள் வாயாலேயே சொல்லலாம். சமரசம் கட்டாயம் அல்ல, அது முடியாவிட்டால் வழக்கு நீதிபதியிடமே திரும்பிப் போகும்.